திருகோணமலைக்குப் போன பித்தளை ஃபில்டர்

முதல் நாள்

நேற்று நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, காங்கேசன்துறையில் இறங்கி, யாழ்ப்பாணத்தில் ஓர் இரவு தங்கினேன். இன்று காலை திருகோணமலைப் பேருந்து. வவுனியா வரைக்கும் ஏ9 சாலை. அங்கிருந்து கிழக்கே திரும்பி ஹொரவப்பொத்தானை வழியாகப் போகும்போது காடும் குளமும் வயலும் மாறி மாறி வந்தன. மற்ற பைகளை மேலே தட்டில் போட்டுவிட்டு, ஒரு மஞ்சள் துணிப்பையை மட்டும் வழி நெடுக மடியிலேயே வைத்திருந்தேன். உள்ளே பித்தளை ஃபில்டர் ஒன்று, அரைக் கிலோவாக இரண்டு பொட்டலம் காபிப்பொடி, தனியாக 200 கிராம் சிக்கரி. இந்தப் பயணமே அந்தப் பைக்காகத்தான்.

கேட்டவள் என் தோழி. 1990இல் சண்டை மூண்டபோது நான்கு வயதுக் குழந்தையாக அம்மாவோடு படகில் ராமேஸ்வரம் வந்து, திருச்சி கொட்டப்பட்டு அகதிகள் முகாமில் வளர்ந்தவள். கல்லூரியில் எனக்குப் பக்கத்து பெஞ்ச். 2012இல் குடும்பத்தோடு ஊர் திரும்பிவிட்டாள். போன மாதம் தொலைபேசியில், "அம்மாவுக்கு வயசாகுது. திடீர் திடீரென்று திருச்சிக் காப்பி கேக்கிறா. நீ வரும்போது பொடி கொண்டு வா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

திருவாரூரில் நான் வழக்கமாக வாங்கும் கடையில் கொட்டையைக் கண்ணெதிரே வறுத்து அரைத்துத் தருவார்கள். பீபெரி, பிளான்டேஷன் ஏ என்று இரண்டு வகைக் கொட்டையும் சரிபாதி, அதில் 80க்கு 20 சிக்கரி. என் வீட்டுக் கணக்கு பத்து வருடமாக இதுதான். அந்தக் கடையில் எனக்குப் பிடித்ததே அவர்கள் கேட்கும் முதல் கேள்வி: "சிக்கரி எவ்வளவு போடட்டும்?" வெளியூருக்கு, அதுவும் இலங்கைக்கு என்றதும் கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். "அங்கே பால் எப்படி இருக்கும்னு தெரியாமப் போறீங்க. சிக்கரி கொஞ்சம் தனியா வைச்சுக்கங்க, தேவைன்னா கூட்டிக்கலாம்" என்று ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். தொழில் தெரிந்தவர் பேச்சு.

தோழி வீட்டு வாசலிலேயே அவள் அம்மா நின்றிருந்தார். "வா மகள், களைச்சுப் போனாய்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். முகம் கழுவிவிட்டு நேராக அடுப்படிக்குப் போனேன். ஃபில்டரைச் சுடுதண்ணீரில் அலசி, மேல் பாத்திரத்தில் நான்கு கரண்டி பொடி போட்டு, குடையை வைத்து லேசாக அழுத்தி, தளதளவென்று கொதித்த தண்ணீரை ஒரு நிமிடம் ஆறவிட்டு ஊற்றி மூடினேன். அம்மா பக்கத்திலேயே ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். முதல் சொட்டு கீழே விழுந்த சத்தம் கேட்டதும், "ஆ, இறங்குது" என்றார். இருபது நிமிடம் நாங்கள் இருவரும் வேறு ஒன்றும் பேசவில்லை.

பால்தான் சிக்கல். இங்கே பெரும்பாலான வீடுகளில் பால் என்றால் பால்மா. சுடுதண்ணீரில் கரைத்து, டிகாக்ஷன் விட்டு, சீனி போட்டு ஆற்றினேன். நிறம் வந்தது, மணமும் வந்தது. வாயில் வைத்தால் பால்மாவின் தித்திப்பு முன்னால் வந்து நின்றுகொண்டு காபியைப் பின்னால் தள்ளிவிட்டது. அம்மா மிச்சம் வைக்காமல் குடித்தார். "நல்லா இருக்கு மகள்" என்றார். அந்தக் குரலிலேயே தெரிந்தது, அவர் கேட்ட காபி இது இல்லை. நாளைக்குப் பசும்பால் தேட வேண்டும்.

இரண்டாம் நாள்

விடியும் முன்பே தோழியின் கணவர் ஓட்டோவை எடுத்தார். கோணேசர் கோயிலுக்குக் கோட்டை வழியாகத்தான் போக வேண்டும். வாசலைத் தாண்டியதும் புள்ளிமான்கள், ஆட்டு மந்தை மாதிரி பயமில்லாமல் மேய்ந்துகொண்டிருந்தன. 1620களில் போர்த்துக்கீசியர் பழைய கோயிலை இடித்து அந்தக் கற்களைக் கொண்டே இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். அதை நினைத்துக்கொண்டே மேலே ஏறினால் கால் தானாகவே மெதுவாக நடக்கிறது. உச்சியில் கோயில், அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை, செங்குத்தாகக் கடல்தான். இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவின் பக்கம் நின்று சூரியன் எழுவதைப் பார்த்தேன்.

திருஞானசம்பந்தர் இந்தத் தலத்துக்குப் பதிகம் பாடியிருக்கிறார். ராமேஸ்வரத்தில் நின்றபடியே, கடல் தாண்டாமல் பாடினார் என்பது வழக்கு. அம்மா கையில் குழந்தையும் மூட்டையுமாகக் கரையேறியதும் அதே ராமேஸ்வரத்தில்தான். இருபத்திரண்டு வருடம் அந்தக் கரையிலிருந்து இந்த மலையை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். சந்நிதியில் அவருக்காக ஓர் அர்ச்சனை செய்தேன்.

இறங்கி வரும் வழியில் ஒரு கடையில் இஞ்சி போட்ட பிளேன்டீ. இந்த ஊரே தேத்தண்ணி ஊர், அதில் சந்தேகமில்லை. ஆனால் வீடு திரும்பியதும் அம்மா ஒரு சின்னக் கோப்பையை நீட்டினார். "நீ உன்ர காப்பி தந்தாய். இது எங்கட கோப்பி. குடிச்சுப் பார்."

அம்மாவுக்கு இரண்டு சொல் இருக்கிறது என்பதை அப்போதுதான் கவனித்தேன். காப்பி என்றால் திருச்சியில் பழகியது. பால் விட்டது, ஆற்றியது, நுரை நிற்பது. கோப்பி என்றால் பிறந்த வீட்டில் பழகியது. கொட்டையைத் தாச்சியில் கருகக் கருக வறுத்து, மல்லியும் வேர்க்கொம்பு என்கிற சுக்கும் தனித்தனியே வறுத்துச் சேர்த்து, இடித்து அரித்த தூள். கொதிக்கும் தண்ணீரில் போட்டு இறக்கி, தூள் அடியில் தங்கியதும் தெளிந்ததைப் பால் விடாமல் குடிக்க வேண்டும். சீனியும் கலக்கவில்லை, ஒரு துண்டு பனங்கட்டி தந்தார், கடித்துக்கொண்டு குடித்தேன். மல்லி மணம் மூக்கில் ஏறியது, வேர்க்கொம்பு தொண்டையில் இறங்கியது. காய்ச்சல்காரருக்கும் இதுதானாம். செத்தவீட்டில் இரவு முழித்திருப்பவர்களுக்கும் இதுதானாம்.

காபியோடு இன்னொரு பொருளைச் சேர்த்தால் காபி கெட்டுவிடும் என்று சொல்பவர்கள் இந்தக் கோப்பையை ஒருமுறை குடிக்க வேண்டும்.

இலங்கையைத் தேயிலை நாடு என்றே நாம் பழகிவிட்டோம். அதற்கு முன்னால் இது காபி நாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைநாட்டுக் காடுகளை வெட்டியது காபிக்காகத்தான். தமிழ்நாட்டிலிருந்து கூலிகளாக முதலில் வந்தவர்களும் காபித் தோட்டத்துக்கே வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டுவழியே நடந்தார்கள். வழியிலேயே நோயிலும் பசியிலும் விழுந்தவர்கள் ஏராளம். 1869இல் காபி இலைகளில் துரு நோய் தென்பட்டது. இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி போலப் படியும் ஒரு பூஞ்சை. பதினைந்து, இருபது வருடத்துக்குள் காபித் தோட்டங்கள் அழிந்தன. அதற்கு இரண்டு வருடம் முன்புதான், 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட்டிருந்தார். காபி போன இடத்தில் தேயிலை ஏறிக்கொண்டது. தோட்டத்தை விட்டுத்தான் காபி போனது, வீட்டை விட்டுப் போகவில்லை. கொல்லையில் நின்ற இரண்டு செடியிலிருந்து பறித்து, தாச்சியில் வறுத்து, மல்லியோடு இடித்து இன்று வரைக்கும் யாரோ ஓர் அம்மா வைத்திருக்கிறார்.

மாலையில் தோழி ஒரு போத்தல் பசும்பாலோடு வந்தாள். இரண்டு தெரு தள்ளி மாடு வளர்க்கும் வீடு. இங்கே பாலைப் போத்தல் கணக்கில்தான் கேட்கிறார்கள். பாலைப் பொங்கக் காய்ச்சி, அப்போதே இறக்கிய டிகாக்ஷனை விட்டு ஆற்றிக் கொடுத்தேன். எனக்கு அது எங்கள் வீட்டுக் காபியேதான், ஒரு குறையும் இல்லை. அம்மா இரண்டு மிடறு குடித்துவிட்டு யோசித்தார். "நேற்றையதை விட நல்லம். ஆனா மகள், நாங்க குடிச்ச காப்பி இன்னும் கருப்பா இருக்கும். அடித்தொண்டையில ஒரு கசப்பு நிக்கும்."

இரவெல்லாம் அந்தக் கசப்பைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள்

கன்னியா வெந்நீரூற்று. ஏழு சின்னக் கிணறுகள், கிணற்றுக்குக் கிணறு சூடு வேறு. இராவணன் தாய்க்குக் கடன் கழிக்கத் தோன்றிய ஊற்றுகள் என்று கதை. வாளியால் மொண்டு ஊற்றிக்கொண்டதில் இரண்டு நாள் பேருந்து வலி போயே போய்விட்டது.

அங்கிருந்து தம்பலகாமம். வயல்வெளிக்கு நடுவே ஆதிகோணநாயகர் கோயில். போர்த்துக்கீசியர் மலைக்கோயிலை இடித்தபோது காப்பாற்றிய திருமேனிகளுக்காக எழுப்பிய கோயில் என்று சொல்கிறார்கள். நல்ல நிழல், நல்ல அமைதி. இந்தப் பக்கம் எருமைகள் நிறைய. சாலையோரத்தில் சட்டி சட்டியாகத் தயிர் அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு சட்டி வாங்கினோம். கேட்டதில் எருமைப்பாலும் ஒரு போத்தல் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து பொடி டப்பாவைத் திறந்தால் ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டிகள். நேற்று மூடியைச் சரியாக அழுத்தவில்லை போலிருக்கிறது. சிக்கரி ஈரத்தை உடனே இழுத்துக்கொள்ளும் குணமுள்ளது. கடல்காற்று அடிக்கும் ஊரில் சிக்கரி கலந்த பொடியைத் திறந்து வைக்கவே கூடாது. இரண்டு பொட்டலத்தையும் இறுக மூடும் கண்ணாடிப் போத்தல்களுக்கு மாற்றினேன். ஈரக் கரண்டியை உள்ளே விட வேண்டாம் என்று தோழியிடமும் சொல்லி வைத்தேன்.

எருமைப்பாலில் 80:20 நிற்கவில்லை. பாலின் கொழுப்பு காபியை மெத்தென்று மூடிவிட்டது. கடைக்காரர் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் முழுசாகப் பிடிபட்டது. பால் கனமாக ஆக, அதைத் துளைத்துக்கொண்டு வரக் கசப்பும் கெட்டியும் வேண்டும். அதைத் தருவது சிக்கரி. நாளைக்கு அந்த 200 கிராம் பொட்டலத்தைப் பிரிக்கப் போகிறேன்.

நான்காம் நாள்

இன்று எங்கும் போகவில்லை. அடுப்படிதான்.

காலையில் அம்மாவிடம் விவரமாகக் கேட்டேன். முகாமில் காபி எப்படிப் போடுவீர்கள்? அவர் சொல்லச் சொல்லத்தான் நான் இரண்டு நாளாகத் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருந்தது தெரிந்தது. ஃபில்டரே கிடையாது. கடையில் ஐம்பது கிராம் பொட்டலம் வாங்குவார்களாம். ஒரு சட்டியில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, பொடியைப் போட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்கி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டுவாராம். "கொஞ்சப் பொடியிலேயே நல்லாக் கருக்கும். அஞ்சு பேருக்குக் காணும்" என்றார்.

கொஞ்சப் பொடியில் கருக்கும் என்றாலே சிக்கரி கூடுதல் என்று அர்த்தம். காபித் தூளைத் தண்ணீரில் போட்டால் அதில் பெரும்பகுதி சக்கையாக நின்றுவிடும். சிக்கரியில் பெரும்பகுதி கரைந்து இறங்கிவிடும். அதனால்தான் நிறமும் கெட்டியும் சீக்கிரம் வருகிறது, விலையும் குறைகிறது. இந்தியாவில் சட்டப்படி காபி-சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. காபி எத்தனை, சிக்கரி எத்தனை என்று பொட்டலத்தின் மேல் அச்சடித்திருக்கவும் வேண்டும். 53:47 என்று அச்சிட்ட பாக்கெட்டுகள் நம் ஊர்க் கடைகளில் சாதாரணமாகத் தொங்கும். அம்மா வாங்கிய உதிரிப் பொட்டலத்தில் ஒன்றும் அச்சடித்திருந்திருக்காது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்குக் கோபம் வருவது சிக்கரி மேல் அல்ல, சொல்லாமல் கலப்பவர்கள் மேல். எங்கள் ஊரில் ஒரு கடை சுத்தக் காபி என்று சொல்லி, சுத்தக் காபியின் விலையும் வாங்கிக்கொண்டு, பாதிக்குப் பாதி சிக்கரி கலந்து பல மாதம் எனக்கு விற்றது. அளவு சொல்லிக் கலந்தால் அது ஒரு பண்டம், சொல்லாமல் கலந்தால் திருட்டு.

அதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதைத் தோழியின் மகனுக்குச் செய்து காட்டினேன். ஒன்பது வயது. இரண்டு கண்ணாடித் தம்ளரில் பச்சைத் தண்ணீர். ஒன்றில் அம்மாவின் தாச்சியில் வறுத்து மல்லி சேர்க்காமல் வைத்திருந்த கொட்டையை இடித்து ஒரு சிட்டிகை தூவினேன். எண்ணெய்ப் பசை இருப்பதால் தூள் மேலேயே மிதந்தது, தண்ணீர் அநேகமாகத் தெளிவாகவே நின்றது. இன்னொன்றில் சிக்கரி. தூவிய சில நொடிகளில் பழுப்பு நூல் நூலாக இறங்கி, அடி வரைக்கும் கோடு போட்டது. பையன் நான்கு தம்ளர் வீணாக்கினான். வீட்டிலிருந்த மிளகாய்த்தூளையும் தூவிப் பார்த்தான். செய்யட்டும் என்று விட்டுவிட்டோம்.

"இது என்ன கொட்டை, மாமி?" என்று கேட்டான். கொட்டையே இல்லை, வேர். நீலப் பூ பூக்கும் ஒரு செடி. சித்த வைத்தியத்தில் காசினிக் கீரை என்று சொல்வது இதைத்தான். அதன் தடித்த வேரைத் தோண்டிக் கழுவி, துண்டு போட்டுக் காயவைத்து, வறுத்து அரைத்தால் சிக்கரி. இந்தியாவில் குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிறது. காஃபீன் கிடையாது. வேரில் இருக்கும் இனுலின் என்ற பொருள் வறுபடும்போதுதான் அந்தக் கருகிய வெல்ல வாசனையும் நிறமும் வருகின்றன. பையன் பாதியிலேயே விளையாட ஓடிவிட்டான். அம்மா முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தார். "காசினிக் கீரையா இது? முகாம் ஆஸ்பத்திரியில ஒரு வைத்தியர் சாப்பிடச் சொன்னவர்" என்றார்.

சரி, கலவைக்கு வருகிறேன். என்னிடம் இருப்பது 80:20. அதில் மூன்று கரண்டிக்கு ஒரு கரண்டி சிக்கரி சேர்த்தால் 60:40 ஆகிவிடும். ஏழு கரண்டிக்கு ஒன்று என்றால் 70:30. முதலில் 70:30 போட்டேன். அம்மா தலையை ஆட்டினார், வேண்டாம் என்றும் இல்லை, சரி என்றும் இல்லை. அப்புறம் 60:40. ஃபில்டரில் போட்டதும் வித்தியாசம் தெரிந்தது. சிக்கரி ஊறிப் பசை போல அடைத்துக்கொண்டு சொட்டுவதற்கு வெகு நேரம் எடுத்தது. அரை மணி நேரம் ஆகியும் அரைப் பாத்திரம்தான். அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. எழுந்து வந்து, "தள்ளு பிள்ளை, நான் போடுறன்" என்று ஒரு சட்டியை எடுத்து அடுப்பில் வைத்தார்.

கொதித்த தண்ணீரில் இரண்டு கரண்டி 60:40. ஒரு பொங்கு. இறக்கி, மூடி, ஐந்து நிமிடம். கொடியில் கிடந்த வெள்ளைத் துணியை எடுத்து அலசி வடித்தார். பசும்பாலைக் கொதிக்கக் கொதிக்க விட்டார், சீனியைத் தாராளமாகப் போட்டார். உயரத் தூக்கி இரண்டே ஆற்று. கரு நிறமும் செம்மையும் கலந்து, கம்பங்காட்டு மண் மாதிரி இருந்தது. ஒரு மிடறு குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு மிடறு. அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுதான்" என்றார்.

நானும் குடித்தேன். என் வீட்டில் இந்தக் காபியை நான் போட மாட்டேன். காபியின் புளிப்பும் பூ மணமும் இதில் காணாமல் போய்விடுகின்றன. ஆனால் இதற்கென்று ஒரு சுவை இருக்கிறது. நாக்கில் தடித்துப் படிகிறது, விழுங்கிய பிறகும் அடித்தொண்டையில் அந்தக் கசப்பு அம்மா சொன்ன மாதிரியே நிற்கிறது. தொட்டுக்கொள்ள ஏதாவது முறுக்கு இருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

மாலை நானும் தோழியும் டச்சுக் குடாப் பக்கம் நடந்தோம். இந்தத் துறைமுகத்துக்காகப் போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லோரும் அடித்துக்கொண்டார்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டதும் இங்கேதான். சிக்கரிக் கதையும் துறைமுகங்களின் கதைதான் என்று அவளிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். 1806இல் நெப்போலியன் பிரிட்டிஷ் வணிகத்துக்கு ஐரோப்பியத் துறைமுகங்களை அடைத்தபோது பிரான்ஸில் காபிக்குத் தட்டுப்பாடு வந்து சிக்கரி பெருகியது. 1861இல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போரில் நியூ ஆர்லியன்ஸ் துறைமுகம் அடைபட்டபோது அங்கேயும் அப்படித்தான். போர் முடிந்து காபி மறுபடி தாராளமாகக் கிடைத்த பிறகும் அந்த ஊர்க்காரர்கள் சிக்கரியை விடவில்லை. இன்றைக்கும் நியூ ஆர்லியன்ஸில் சிக்கரி போட்ட பால் காபிதான் பெயர் பெற்றது.

தோழி கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா காலமை நாலு மணிக்கு அந்தக் காப்பியைக் குடிச்சிட்டுத்தான் கட்டட வேலைக்குப் போவா. திரும்பி வரப் பொழுது பட்டிடும். எங்களுக்கு அந்த மணம் வந்தா அம்மா வீட்டில இருக்கிறா என்று அர்த்தம்" என்றாள்.

ஐந்தாம் நாள்

கிளம்பும் நாள். அதிகாலையில் ஃபிளாஸ்க்கில் காபி எடுத்துக்கொண்டு உப்புவெளிக் கடற்கரைக்குப் போனோம். அம்மாவும் வந்தார். எனக்கு 80:20, அவருக்கு 60:40, இரண்டு ஃபிளாஸ்க். கரைவலைக்காரர்கள் இரண்டு வரிசையாக நின்று வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எங்களைப் பார்த்து, "என்ன அம்மா, தேத்தண்ணியா?" என்று கேட்டார். "இல்ல தம்பி, காப்பி" என்று அம்மா ஊற்றிக் கொடுத்தார். அவர் குடித்துவிட்டு, "நல்ல சாயம்" என்றார். தேத்தண்ணி ஊரில் இதைவிடப் பெரிய பாராட்டு வேறு என்ன இருக்க முடியும்.

திரும்பும்போது நிலாவெளி வீதியில் இரண்டாம் உலகப் போர்வீரர் மயானத்தில் கொஞ்சம் நின்றோம். வரிசை வரிசையாக வெள்ளைக் கற்கள், பெரும்பாலும் இருபது சொச்சம் வயது. அம்மா ஒவ்வொரு கல்லிலும் வயதை மட்டும் வாசித்துக்கொண்டு நடந்தார்.

ஃபில்டரை விட்டுவிட்டு வருகிறேன். தோழியும் அவள் கணவரும் 80:20 குடிக்கத் தொடங்கிவிட்டார்கள், அவர்களுக்கு அது வேண்டும். அம்மாவின் பொடியைத் தனிப் போத்தலில் கலந்து வைத்திருக்கிறேன். மேலே ஒரு காகிதம் ஒட்டி, 'மூன்றுக்கு ஒன்று' என்று பேரனே எழுதினான். பொடி தீர்ந்தால் கப்பலில் வரும் யாரிடமாவது கொடுத்தனுப்புவேன். கடைக்காரரிடம் நேரே 60:40 என்றே சொல்லிவிடலாம், அவர் முகத்தைச் சுளிக்க மாட்டார்.

பேருந்து ஏறும் முன் அம்மா ஒரு சின்ன டப்பாவை என் கையில் வைத்து அழுத்தினார். உள்ளே அவருடைய கோப்பித் தூள். மல்லி மணம் மூடியைத் தாண்டி வந்தது.

"இதை அந்த ஃபில்டருக்குள்ள எல்லாம் போடாத மகள், மல்லி அடைக்கும். சட்டியில கொதிக்க விட்டு இறக்கு. தெளிய விட்டுக் குடி. பால் விடாத. பனங்கட்டி உங்கட ஊரிலயும் கிடைக்கும் தானே?"

கிடைக்கும் அம்மா, நாங்கள் கருப்பட்டி என்போம் என்றேன். பேருந்து நகர்ந்துவிட்டது. அவருக்குக் கேட்டதோ என்னவோ, தலையை ஆட்டினார்.